முதல் மாரத்தானும் மலைப்பாதைப் பயிற்சியும்: கேள்வி பதில்

ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்கு முதன்முறையாகப் பதிவு செய்துவிட்டு, மலைப்பாதைகளில் பயிற்சி எடுத்துவரும் அன்பர்களின் கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

சென்னையில் ஓடப்போவது சமதளத்தில்தானே? அதற்கு ஏற்காடு மலைப்பாதையில் ஓடுவதால் பயன் உண்டா? (சேலம்)

உண்டு. வாரம் ஒரு நாள் போதும். ஏற்றத்தில் மெதுவாக ஓடினாலும் இதயத்துக்கும் கெண்டைக்கால் தசைகளுக்கும் நல்ல வேலை கிடைக்கிறது. பாதம் தரையில் மோதும் அதிர்வும் குறைகிறது. ஆனால் சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு 1500 மீட்டருக்கு மேலும் இருப்பதால், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிப்பது புதியவருக்குத் தேவையற்ற சுமை. சில வளைவுகள் ஏறித் திரும்பிவிடுங்கள். வார இறுதி நெடுந்தூர ஓட்டம் சமதளத்திலேயே இருக்கட்டும், ஏனெனில் 42.195 கிலோமீட்டரையும் ஒரே சீராக ஓடும் பழக்கம் மலையில் கைவராது.

ஏற்றத்தில் என் வேகம் மிகவும் குறைந்துவிடுகிறதே? (கோத்தகிரி)

குறையத்தான் வேண்டும். கடிகாரத்தை விட்டுவிட்டு மூச்சைக் கவனியுங்கள். ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடியாவிட்டால் அடியைச் சுருக்குங்கள். அப்போதும் முடியாவிட்டால் நடங்கள்.

கொல்லிமலையில் இறங்கி ஓடிய மறுநாள் மாடிப்படி இறங்க முடியாத அளவுக்குத் தொடை வலிக்கிறது. இது காயமா? (நாமக்கல்)

இரு தொடைகளின் முன்புறமும் பரவலாக வலித்து, சில நாளில் தணிந்தால் அது காயமன்று. இறக்கத்தில் ஒவ்வோர் அடியிலும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்கிப் பிடிப்பதால், அதன் இழைகளில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. பாஸ்டன் மாரத்தானில் பெயர்பெற்ற ஹார்ட்பிரேக் ஹில் சுமார் 27 மீட்டர் ஏற்றம்தான். இருந்தும் அது பலரை முடக்குவதற்கு, தொடக்கத்திலுள்ள நீண்ட இறக்கத்தில் தொடைகள் முன்பே நைந்துபோவதும் ஒரு காரணம். ஒருமுறை மிதமாக இறங்கிப் பழகிய தசை அடுத்த முறை குறைவாகவே சிதைகிறது என்பதால், இறக்கத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். காலை முன்னே வீசிக் குதிகாலால் தடுக்காமல், உடலுக்கு நேர்கீழே குறுகிய அடிகளாக வையுங்கள். போட்டிக்கு முந்தைய மூன்று வாரங்களில் கடும் இறக்கம் வேண்டாம். முழங்காலில் ஒரே இடத்தில் குத்தும் வலி இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

ஏலகிரிப் பாதையில் பேருந்துகள் வருகின்றன. எந்தப் பக்கம் ஓடுவது? (ஜோலார்பேட்டை)

எதிரே வரும் வண்டி தெரியும்படி வலப்புறம் ஓடுங்கள். ஆனால் வலப்புறம் திரும்பும் வளைவில் உட்புறம் நிற்பது ஆபத்து. ஓட்டுநருக்கு உங்களைத் தெரியாது. பேருந்தின் பின்சக்கரமும் முன்சக்கரம் சென்ற தடத்தைவிட உள்ளே வெட்டி வரும். வளைவுக்கு முன்பே, இருபுறமும் தெரியும் இடத்தில், வெளிப்புறத்துக்கு மாறிவிடுங்கள். விடியுமுன் ஓடினால் ஒளியைப் பிரதிபலிக்கும் மேலாடை கட்டாயம்.

2240 மீட்டர் உயரத்தில் வாழ்ந்து பழகிய எனக்குச் சென்னை எளிதாக இருக்குமா? (உதகமண்டலம்)

மூச்சு எளிதாகும், புழுக்கம் எளிதாகாது. குளிரில் பழகிய உடல், வெப்பத்தில் விரைவாகவும் போதுமான அளவிலும் வியர்க்கக் கற்றுக்கொள்ள 10 முதல் 14 நாட்கள் தேவை. முடிந்தால் கடைசி இரண்டு வாரங்களில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி வந்து, வெயில் ஏறிய பின் அளவாக ஓடுங்கள். அப்போது எவ்வளவு நீர் தேவைப்படுகிறது என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். உதகையில் குடித்த அளவு சென்னையில் போதாது.