காகிதம் கேட்டவரும் காகிதம் மறுத்தவர்களும்

அன்புள்ள ஐயா,

பினாங்கில் பொது நிர்வாகம் படித்து முடித்திருக்கிறேன். மலேசிய அரசின் நிர்வாக, அரசதந்திரச் சேவையில் சேர அழைப்பு வந்துள்ளது. அதே வாரத்தில், இலங்கையின் வடக்கே, கிளிநொச்சிப் பக்கம் போரில் வீடிழந்த குடும்பங்களோடு பணிபுரியும் ஒரு தொண்டமைப்பும் ஈராண்டுப் பணிக்கு என்னைக் கேட்டிருக்கிறது. பாட்டனார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் என்பதால் மனம் அங்கேதான் சாய்கிறது. அரசாங்க உத்தியோகம் கோப்பு நகர்த்தும் வேலை என்றும், போருக்குப் பின் ஊரைக் கட்டி எழுப்புவது குடிமைச் சமூகமே என்றும் நண்பர்கள் சொல்கிறார்கள். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

க., பட்டர்வொர்த்

அன்புள்ள க.,

முப்பத்திரண்டு ஆண்டுகள் கோப்பு நகர்த்தியவனிடம் இதைக் கேட்டிருக்கிறீர்கள். ஆகவே என் பதிலில் சார்பு இருக்கும் என்பதை முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

1979இல், மலேசியாவின் வடக்கே ஒரு மாவட்ட அலுவலகத்தில் நான் இளநிலை அதிகாரியாக இருந்தபோது, ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு மூதாட்டி வந்தார். சப்பான்காரன் காலத்தில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட ரயில் பாதை வேலைக்குக் கொண்டு போகப்பட்ட அவருடைய கணவர் திரும்பவில்லை. "அவர் போனதுக்கு ஒரு காகிதம் வேணுங்க ஐயா" என்றார். எதற்கு என்று கேட்டேன். "எதுக்கும் இல்லைங்க, போனதுக்குத்தான்" என்றார். பதிவில் பெயர் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். விதிப்படி நான் சொன்னது சரி. ஆனால் அந்தப் பதிவில் பெயர் ஏன் இல்லை என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அதைத்தான் இன்றும் என்னால் மன்னித்துக்கொள்ள முடியவில்லை.

415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. தாய்லாந்தின் காஞ்சனாபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில், அந்த வேலையில் மடிந்த போர்க் கைதிகளான ஏறத்தாழ 7,000 நேசநாட்டுப் படைவீரர்கள் கிடக்கிறார்கள்; பெரும்பாலான கற்களில் பெயர் உண்டு. அவர்களைவிடப் பல மடங்கு மடிந்த ஆசியத் தொழிலாளர்களுக்கு, அவர்களில் நம் தோட்டத்துத் தமிழர்களுக்கு, இன்றுவரை உறுதியான எண்ணிக்கைகூட இல்லை. படையில் ஆள் பட்டியல் இருந்தது. தோட்டத்தில் இருந்ததோ செக்ரோல். அது கூலி கணக்கிடுவதற்கான புத்தகம் என்பதால், பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, ஆள் வராத நாளோடு கிராணி என்ற தோட்ட எழுத்தரின் பேனாவுக்கு அந்தப் பெயரில் வேலையில்லாமல் போய்விடும். 1945 செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம் ரப்பரையும் ஈயத்தையும் மீண்டும் ஓடவைப்பதில் முனைந்தது. திரும்பாதவர்களின் பெயர்களை முழுமையாக எழுதிவைக்கும் வேலையை எவரும் செய்யவில்லை. மறுகட்டமைப்பு என்ற சொல்லைக் கேட்டதும் பாலமும் பாதையும் எனக்கு நினைவுக்கு வராததற்கு இதுவே காரணம்.

இப்போது கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அடங்கிய வன்னிக்கு வருவோம். 2009இன் தொடக்கத்தில் போர்ப் பகுதியில் சிக்கியிருந்தவர்கள் எழுபதாயிரம் பேர் அளவில்தான் என்று கொழும்பு, அதாவது இலங்கை அரசு, சொன்னது. ஏறத்தாழ 3,30,000 பேர் என்று கணக்கு அனுப்பியவர் முல்லைத்தீவின் மேலதிக அரச அதிபர், அதாவது கொழும்பிடமே சம்பளம் வாங்கிய அரச ஊழியர். (யாழ்ப்பாணத்தவர் 'கச்சேரி' என்றால் பாட்டு அன்று, மாவட்டச் செயலகம் என்பதை உங்கள் பாட்டனார் சொல்லியிருப்பார்.) உணவு எந்த எண்ணிக்கைக்கு அனுப்பப்படும் என்பது எந்தக் கணக்கு ஏற்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. போர் முடிந்தபோது முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் மூன்று இலட்சத்தை நெருங்கினார்கள். கோப்பு நகர்த்தும் வேலை என்று சொல்லும் உங்கள் நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் கச்சேரியால் மட்டும் ஆகாத காரியமும் உண்டு. 2010இல் கொண்டுவரப்பட்ட ஒரு தற்காலிகச் சட்டம், காணாமற்போனவர்களுக்கு இறப்புச் சான்றிதழ் பெற வழிசெய்தது. நிர்வாகத்தின் கண்ணுக்கு அது வசதிதான். சான்றிதழ் இருந்தால் உதவித்தொகைக்கு மனுச் செய்யலாம். எத்தனையோ தாய்மார்கள் அதை வாங்க மறுத்தார்கள். பிள்ளை இறந்ததாக எழுதிய காகிதத்தைக் கையால் வாங்கினால், பிள்ளை எங்கே என்று கேட்கும் வாயைத் தாமே மூடிக்கொண்டதாகும் என்பது அவர்களுடைய நியாயம். குடும்பங்களும் அவர்களோடு நின்ற சட்டத்தரணிகளும் அமைப்புகளும் பல ஆண்டுகள் தொடர்ந்து வற்புறுத்திய பிறகு, 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. இறந்தார் என்று சொல்லாமல், ஆள் காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் பிறந்தது. அதைக் கொண்டும் உதவிக்கு மனுச் செய்யலாம். இதனால் தாய்மார்கள் அமைதியடைந்துவிடவில்லை. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் அவர்கள் தொடங்கிய போராட்டம் பல ஆண்டுகள் நீடித்தது. என் மூதாட்டி காகிதம் கேட்டார், இந்தத் தாய்மார்கள் காகிதத்தை மறுத்தார்கள். இரண்டையும் விளங்கிக்கொள்ளும் அதிகாரியைத்தான் நான் தேடுகிறேன். அப்படி ஒருவராக நான் இருந்ததில்லை.

வீடுகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இந்தியா அறிவித்த 50,000 வீட்டுத் திட்டத்தில், தொடக்கத்தில் ஒரு புதிய வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய், தவணை தவணையாகப் பயனாளியின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்பட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் இடம்பெயர்ந்த ஓட்டத்தில் காணி உறுதியையும் (நிலப் பத்திரம்) அரச நிலத்துக்கான அனுமதிப்பத்திரத்தையும் தொலைத்தவர், வீட்டுக்கு முன்னால் காகிதத்தைக் கட்டி எழுப்ப வேண்டியிருக்கிறது.

எனவே சேவையில் சேருங்கள் என்பதே என் கருத்து. சுற்றறிக்கையைப் படித்து, அது யாரைக் கைவிடுகிறது என்று கண்டுபிடிக்கும் பயிற்சி உள்ளே இருந்தால்தான் கிடைக்கும். அதற்கு விலையும் உண்டு: பொதுவில் பேசும் உரிமை சுருங்கும், பதவி உயர்வு வரும்போது கேள்வி கேட்கும் பழக்கம் தளரும். எனக்குத் தளர்ந்தது. நம் நாட்டிலேயே பிறப்புப் பத்திரம் இல்லாமலும் குடியுரிமை இல்லாத நிரந்தர வாசிகளுக்குரிய சிவப்பு அடையாள அட்டையோடும் பதிவிலாகாவுக்கு நடையாய் நடக்கும் நம்மவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

தொண்டமைப்பின் அழைப்பை ஒரேயடியாக மறுக்கவும் தேவையில்லை. காணி ஆவணங்களைக் கையாளத் தெரிந்தவர் எவரேனும் அவர்களிடம் இருக்கிறாரா என்று எழுதிக் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், நான்கு ஐந்து ஆண்டுகள் கழித்துச் சம்பளமில்லா விடுப்பில் வருவதாகச் சொல்லி வையுங்கள். அதற்குள் கொஞ்சம் சிங்களம் எழுதப் படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள்.