‘டா’வுக்கு மியூட் கிடையாது

கேள்வி: சினிமாவில் கெட்ட வார்த்தை வந்தால் மியூட் செய்கிறார்கள். உதட்டைப் பார்த்தே எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. கோபத்தில் வாயில் வருகிற வார்த்தைக்கு இத்தனை பயம் தேவையா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: கோபத்தில் வாயில் வருகிறது என்கிறீர்கள். மேலதிகாரி மீது கோபம் வரும்போது ஏன் வாயில் வருவதில்லை? டீக்கடைப் பையனிடம் வருகிறது, துப்புரவுப் பணியாளரிடம் வருகிறது. ஆள் பார்த்துத்தான் வருகிறது.

மியூட் செய்யப்படும் வசவுகளைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. (அவை ஏன் திட்டப்படுபவனை விட்டுவிட்டு அவன் அம்மாவையும் அக்காவையும் தேடிப் போகின்றன என்பதைத் தனியாக எழுத வேண்டும்.) என் கவலை ‘டா’ பற்றியது. எழுபது வயதுப் பெரியவரைப் பள்ளிக்கூடம் போகும் பொடியன் பேர் சொல்லி ‘வாடா’ என்பான். அவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ‘சொல்லுங்க சின்னய்யா’ என்பார். அந்த ஒற்றை எழுத்து அவரை நிறுத்திவைத்த இடத்தில் எந்தக் கெட்ட வார்த்தையும் யாரையும் நிறுத்தியதில்லை. எந்த சென்சாரும் அதை வெட்டியதில்லை.

சட்டம் சாதிப் பெயர் வரைக்கும் வந்திருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, பட்டியல் சாதி, பழங்குடி மக்களைப் பொதுப்பார்வையில் படும் இடத்தில் சாதி சொல்லித் திட்டினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. 2011இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில், இழிவுபடுத்தும் நோக்கில் சாதிப் பெயரைச் சொல்வது குற்றமே என்ற உச்ச நீதிமன்றம், அதே தீர்ப்பில், டீக்கடையில் பட்டியல் சாதியினருக்குத் தனிக் குவளை வைக்கும் இரட்டைக் குவளை முறையையும் கண்டித்தது. சரியாகவே சேர்த்துப் பார்த்தார்கள். வசவும் குவளையும் ஒரே கடையில்தான் இருக்கின்றன. ஆனால் 2020இல், ஹிதேஷ் வர்மா வழக்கில், வெளியாள் யாரும் இல்லாமல் நான்கு சுவருக்குள் சொன்னால் அந்தப் பிரிவு பொருந்தாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. வீட்டு வேலைக்குப் போகிற பெண் திட்டு வாங்குவது எந்த மைதானத்தில்?

தலித் உரிமைக்காகப் போராடிய தலைவர் இரட்டைமலை சீனிவாசன் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. ஊரே வசவாக வைத்திருந்த சொல்லை, 1893இல் தன் பத்திரிகைக்கே பெயராக வைத்தார்: ‘பறையன்’. திட்டுகிறவன் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்கி முகப்பில் அச்சடித்த அந்தத் துணிச்சலுக்கு ஈடாகத் தமிழ் இதழியலில் இன்னொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

இதழியல் என்றதும் என் பழைய சண்டை ஒன்று. சங்கிலி பறித்ததாகப் பிடிபட்டவர் செய்தியில் ‘அவன்’, ‘சிக்கினான்’. வங்கியில் கோடிகளைச் சுருட்டியதாக வழக்கு உள்ளவர் ‘அவர்’, ‘வெளிநாடு சென்றார்’. இருவரும் குற்றம் சாட்டப்பட்டவர்கள்தானே? விகுதியிலேயே ஏழைக்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். நம் இதழில் எல்லோரும் ‘அவர்’தான். ‘திருடனுக்கு என்னய்யா மரியாதை?’ என்று கடிதங்கள் வருகின்றன. வரட்டும். தண்டனை கொடுப்பது நீதிமன்றத்தின் வேலை. அதற்கு மேல் ஒரு ‘ன்’ போட்டு நாம் கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை.