கொழும்பில் முதியோர் இல்லத்தில் இருக்கும் அம்மா, சாப்பாடும் மருந்தும் சரியில்லை என்கிறார். இல்லத்தில் கேட்டால் "அவருக்கு மறதி" என்கிறார்கள். எப்படி விசாரிப்பது?

அந்த "மறதி" என்ற சொல்லைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். என் பெரியம்மாவைப் பற்றியும் அதையேதான் சொன்னார்கள்.

வெள்ளவத்தைப் பக்கத்தில் ஓர் இல்லம், பெயர் வேண்டாம். "ராவில பசிக்குது பிள்ளை, கை நடுங்குது" என்று போனில் சொல்வார். மேட்ரனிடம் கேட்டால், "சாப்பிட்டதை மறந்துடுறா. ராவில கொஞ்சம் மாறாட்டமும் இருக்கு" என்பார். நானும் இரண்டு மாதம் நம்பினேன்.

பிறகு சொல்லாமல் கொள்ளாமல் வேறு வேறு நேரங்களில் போனேன். வழக்கமான ஞாயிறு காலையில் போனால் எல்லாம் பளபளவென்றுதான் இருக்கும். ஒரு புதன்கிழமை மாலை ஐந்தரைக்குப் போனபோது இரவுச் சாப்பாடு முடிந்து கோப்பைகள் கழுவிக்கொண்டிருந்தார்கள். சமையல்கார அக்காவுக்கு பஸ் பிடிக்க வேண்டுமாம். குளிசை கொடுப்பது இரவு டியூட்டிக்கு வரும் பிள்ளை, எட்டு மணிக்கு. பெரியம்மாவுக்குச் சீனி வருத்தம். கிளிக்ளசைட் என்ற குளிசை சாப்பாட்டோடு ஒட்டி எடுக்க வேண்டியது. வெறும் வயிற்றில் போட்டால் சீனி இறங்கும்: நடுக்கம், வியர்வை, பசி, வயதானவர்களுக்கு மாறாட்டமும் வரும். ஒரு நாள் அனுமதி கேட்டு ஒன்பதரை மணிக்கு விரலில் குத்திச் சீனி பார்த்தோம். 58தான் இருந்தது. 70க்குக் கீழே போனாலே குறைவு. சீனித் தண்ணீர் கொடுத்துக் கால் மணி நேரத்தில் ஆள் தெளிவாகப் பேசினார்.

அதாவது, அவர் சொல்வதை நம்பக்கூடாது என்பதற்கு எதைக் காரணம் காட்டினார்களோ, அதுவே அவருடைய முறைப்பாட்டுக்குச் சாட்சி. அதனால் உங்கள் அம்மாவுடைய சாப்பாட்டையும் மருந்தையும் இரண்டு தனி முறைப்பாடுகளாகப் பிரிக்காதீர்கள். இரண்டின் நேரங்களையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். குளிசையை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம். நான் அந்த 58ஐ டாக்டரிடம் காட்டினேன், அவர்தான் மாற்றி எழுதினார்.

அப்புறம் குளிசையை எண்ணுங்கள். கிளினிக் கொப்பியில் எந்தத் தேதியில் எத்தனை கொடுத்தார்கள் என்று இருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு வீதம் 30 நாளைக்கு 60. இருபதாம் நாள் முடிவில் 20 மிச்சம் இருக்க வேண்டும். கூட இருந்தாலும் குறைந்தாலும் கேள்விதான். மருந்து கொடுத்ததற்கு அடையாளம் போடும் தாளையும் காட்டச் சொல்லுங்கள். எங்கள் தாளில் ஒரே பேனாவால் மாதம் முழுக்கச் சரி போட்டிருந்தது, பொங்கலுக்குப் பெரியம்மா எங்கள் வீட்டில் நின்ற இரண்டு நாளுக்கும் சேர்த்து! அந்தத் தாளைப் போனில் படம் எடுத்து வைத்ததுதான் பிறகு எங்களுக்காகப் பேசியது.

முதலில் இல்ல நிர்வாகத்துக்கே தேதி, நேரம் போட்டுக் கடிதம் கொடுத்துப் பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். அசையாவிட்டால் பிரதேச செயலகத்தில் முதியோர் விடயம் பார்க்கும் உத்தியோகத்தரிடமும், முதியோருக்கான தேசிய செயலகத்திடமும் போகலாம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முதியோர் இல்லங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். அதனால் உங்கள் முதல் கேள்வி "இந்த இல்லம் பதிவு செய்யப்பட்டதா?" என்பதாக இருக்கட்டும். பழுதான சாப்பாடு, அழுக்குக் குசினி என்றால் மாநகர சபையின் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) தான் ஆள். உணவுச் சட்டத்தின் கீழ் உள்ளே போய்ப் பார்க்கவும் மாதிரி எடுக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. வெள்ளவத்தை கொழும்பு மாநகர சபைக்குள், தெஹிவளை வேறு சபை. மாறிப் போய் ஒரு நாளை வீணாக்காதீர்கள். தமிழிலேயே எழுதுங்கள், தமிழில் பதில் கேட்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது.

எங்களுக்குக் கடிதத்தோடே முடிந்தது. சமையல்கார அக்கா இப்போதும் அதே பஸ்ஸில்தான் போகிறார். சொதியையும் இடியப்பத்தையும் பிரிட்ஜில் வைத்துவிட்டுப் போகிறார், இரவு டியூட்டிப் பிள்ளை ஏழரைக்கு நன்றாகச் சூடாக்கிக் கொடுத்து, குளிசையையும் அதே நேரத்தில் கொடுக்கிறார். பெரியம்மாவின் இப்போதைய முறைப்பாடு சொதியில் உப்பு இல்லை என்பது. பிரஷர்காரர், அதை நான் எங்கும் கொண்டுபோகவில்லை.