சுவிட்சர்லாந்துக்குள் இருக்கும் பியூசிங்கன் ஏன் ஜெர்மனிக்குச் சொந்தமாக இருக்கிறது? அங்கே குடியேறுவது லாபமா?

நீங்கள் பியூசிங்கனை அடுத்துள்ள சுவிஸ் நகரமான ஷாஃப்ஹவுசன் பக்கம் வேலை பார்த்துக்கொண்டு, குறைந்த வாடகைக்கு வீடு தேடுபவர் என்று எண்ணியே எழுதுகிறேன். நானும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவன்.

ரைன் ஆற்றின் வலக்கரையில், 7.6 சதுர கிலோமீட்டர் பரப்பில், ஏறத்தாழ 1,500 பேர் வாழும் ஊர் அது. சுற்றிலும் சுவிஸ் மண். ஜெர்மனியின் மற்ற நிலப்பகுதி மிக நெருங்கும் இடத்தில் சுமார் 700 மீட்டர் தொலைவில் இருக்கிறது. வரைபடம் வரைந்தவர்களின் கவனக்குறைவு என்று பலரும் எழுதுவது சரியன்று. 1693இல் பியூசிங்கனின் நிலப்பிரபு எபர்ஹார்ட் இம் டூர்னை ஷாஃப்ஹவுசனிலிருந்த அவருடைய உறவினர்களே கடத்திச் சென்றனர். ஊரின் மேலாதிக்கம் ஆஸ்திரியாவிடம் இருந்தும், 1699 வரை அவர் சிறையில் கிடந்தார். அந்த அவமானத்தை ஆஸ்திரியா மறக்கவில்லை. 1770இல் ராம்சன், டோர்ஃப்லிங்கன் ஆகிய ஊர்களின் உரிமையைச் சூரிச்சுக்கு விற்றபோதும் பியூசிங்கனை மட்டும் கைவிடவில்லை. டோர்ஃப்லிங்கன் போனதால்தான் இடையில் அந்த இடைவெளி விழுந்தது. பின்னாளில் பியூசிங்கன் ஆஸ்திரியாவிடமிருந்து ஜெர்மன் அரசுகளின் கைக்கு மாறியது. 1918இல் நடந்த வாக்கெடுப்பில் 96 விழுக்காட்டினர் சுவிட்சர்லாந்துடன் சேர விரும்பினார்கள். மாற்றாகக் கொடுக்க சுவிட்சர்லாந்திடம் பொருத்தமான நிலம் இல்லாததால் அது நடக்கவில்லை. 1967இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் ஊரைச் சுவிஸ் சுங்க எல்லைக்குள் கொண்டுவந்தது.

நான் வீடு பார்க்கப் போனபோது வீட்டுக்காரர் வாடகையைச் சுவிஸ் நாணயமான ஃபிராங்கில் சொன்னார். கடையிலும் விலைகள் ஃபிராங்கில்தான். வருமான வரியோ ஜெர்மனிக்கு. அதில் ஓரளவு சலுகை உண்டு என்பது எனக்கும் தெரியும். அதைச் சொல்லி யாரும் சண்டைக்கு வர வேண்டாம், நான் வரி ஆலோசகனும் அல்லன். சலுகையைக் கழித்த பிறகும் என் சம்பளத்துக்குக் கணக்கு கட்டுப்படியாகவில்லை.

ஆற்றோர உணவகம் ஒன்றின் முற்றத்தில் எல்லைக்கோடு மேசைகளுக்கு நடுவே ஓடுகிறது. அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் என் கைபேசி ஜெர்மன் அலைவரிசைக்குத் தாவிவிட, நான் நாடு கடந்ததாகக் கருதி நிறுவனம் கட்டணம் போட்டது. முறையிட்டுக் கடிதம் எழுதினேன். பொறுப்பான பதில் இன்றுவரை வரவில்லை.

இன்னொன்று: பியூசிங்கனில் குடியேறுவது சட்டப்படி ஜெர்மனியில் குடியேறுவதுதான். உங்களிடம் இருப்பது சுவிஸ் வதிவிட அனுமதி மட்டும் என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன் ஜெர்மன் அனுமதி கிடைக்குமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.