வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளைக் கோடை விடுமுறைக்கு இலங்கையின் வடக்கே வன்னியில் உள்ள உறவினர் வீட்டில் நிற்க விட்டால், அவர்களுக்குப் பொழுது போகுமா?

போகும். ஆனால் நான்கு நாளில் போகாது.

நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. கனடாவோ இலண்டனோ, பத்து வயதைத் தாண்டிய இரண்டு பிள்ளைகள், ஊரில் ஓர் அக்கா, "எப்போது வருகிறாய்?" என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருக்கும் தாய். அநேகமாக அப்படித்தான் இருக்கும். நான் அந்த அக்கா. அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீடு இரணைமடுக் குளத்துக்குக் கீழே, வாய்க்கால் கரையில். 2024இல் என் தங்கை ரொறன்ரோவிலிருந்து மகளோடும் மகனோடும் வந்தாள். மகளுக்கு 14 வயது, மகனுக்கு 10. ஐந்து கிழமை விடுமுறையில் எங்களுக்கு ஒதுக்கியது நான்கு நாள். மிச்சமெல்லாம் கொழும்பு, நுவரெலியா, திருகோணமலைக் கடற்கரை, நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணத்தில் விடுதி. அவள் அந்த அட்டவணையைக் காட்டியபோது அம்மா ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்க் கோழிகளுக்கு அரிசி போட்டார். கோழிகளுக்கு நான் காலையிலேயே போட்டிருந்தேன்.

வெளிநாட்டில் இருப்பவர்களைக் குறை சொல்ல வந்தவள் என்று யாரும் எண்ண வேண்டாம். போர் முடிந்து, 2010இல் முகாமிலிருந்து திரும்பி வந்து தறப்பாளின் கீழ் இருந்தபோது, தங்கை இரவு வேலை செய்து அனுப்பிய காசில்தான் இந்த வீட்டுக்குக் கூரை ஏறியது. அதை நான் மறந்தவள் அல்ல. ஆனால் கூரை போட்டுத் தந்தவள் அதன் கீழ் நான்கு இரவு மட்டும் படுத்துவிட்டுப் போவதென்றால் நெஞ்சு ஒப்பவில்லை.

முதல் மூன்று நாளும் மோசமாகத்தான் போயின. பெரிய தவறு என்னுடையது. பிள்ளைகளை விருந்தாளிகளாக நடத்தினேன். நண்டுக் கறி, கோழிக் கறி, அயலில் இரவல் வாங்கிய மின்விசிறி, இரண்டு பெட்டி போத்தல் தண்ணீர். எதையும் தொட விடவில்லை. பெடியன் கிணற்றடிக்கு வர மறுத்தான். மகள் நுளம்பு வலைக்குள் இருந்து கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுது எப்படிப் போகும்? வேலை இல்லாத வீட்டில் எனக்கே போகாது.

மூன்றாம் நாள் பின்னேரம் அது மாறியது. அந்த முறை எங்கள் வயலில் சிறுபோக அறுவடை முந்திவிட்டது. வெட்டிய நெல்லை வீதி ஓரத்தில் தறப்பாள் விரித்துக் காயப் போட்டிருந்தோம். திடீரென்று மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. நான், அவர், என் மகன், தங்கை எல்லோரும் ஓடினோம். திரும்பிப் பார்த்தால் பெடியனும் வெறுங்காலோடு பின்னால் வருகிறான். நெல்லைக் கூட்டி, சாக்கில் அள்ளி, தறப்பாளை இழுத்து மூடி முடிக்க மழை நாலு துளி போட்டுவிட்டுப் போய்விட்டது. அன்றிரவு அவன் உடம்பெல்லாம் நெற்சுணை. சொறிந்துகொண்டே பிட்டும் சம்பலும் இரண்டு கோப்பை சாப்பிட்டான். கிணற்றில் அள்ளி ஊற்றச் சொல்லி அவனே கேட்டான்.

மறுநாள் விடிய எழுந்து பார்த்தால் பாயில் ஆள் இல்லை. வீதியில் என் மகனோடு நெல் துழாவிக்கொண்டிருந்தான். இரண்டு பாதங்களையும் தூக்காமல் நெல்லுக்குள் இழுத்து இழுத்து நடக்க வேண்டும். அடி நெல் மேலே வரும். அவன் போன வழியெல்லாம் இரண்டு இரண்டு கோடுகள். முதலில் கோணலாக இருந்தவை, நடுவில் நேராகிவிட்டன. தங்கை மட்டும் கொழும்புக்குப் போனாள். பிள்ளைகள் மூன்று கிழமை எங்களோடு நின்றார்கள்.

நெல் என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். விடுமுறைக்கு வந்த ஒருவர், எங்கள் பக்கத்து வீதியில் நெல் காய்வதைப் படம் எடுத்து, "வீதியை மறிக்கும் நாகரிகமற்ற மக்கள்" என்று இணையத்தில் போட்டிருந்தார். நூற்றுக்கணக்கானோர் அதற்குக் கைதட்டியிருந்தார்கள். அவருக்குச் சொல்கிறேன். நெல்லில் 14 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் அரசாங்கக் களஞ்சியத்தில் எடுக்க மாட்டார்கள். ஈரத்தோடு விற்றால் வியாபாரி வயலடியிலேயே அடிமாட்டு விலை சொல்வான். உழவுக் கூலியும் உரக் கடனும் தலைக்கு மேல் இருப்பவன் அதற்கும் தலையாட்டுவான். எங்கள் ஊரில் உலர்த்தும் தளம் இல்லை. பிறகு நாங்கள் எங்கே போய்க் காய வைப்பது? வீதி ஓரத்தில் பாதிதான் எடுக்கிறோம். கல்லும் கொடியும் வைத்து அடையாளம் போடுகிறோம். உங்கள் வாகனம் ஒரு நிமிடம் மெதுவாகப் போவதால் என்ன கெட்டுவிடும்?

சரி, தங்கையின் மகளின் கதை. அதை எழுதும்போது கை நடுங்குகிறது.

2008 கடைசியில் போரால் வீட்டை விட்டு வெளிக்கிட்ட நாங்கள் விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நகர்ந்து நகர்ந்து, முள்ளிவாய்க்கால் வரை போய், செட்டிகுளம் முகாமுக்குப் போனோம். வழியில் எங்கோ படங்கள் இருந்த பை போய்விட்டது. அப்பா 2003இலேயே காலமாகிவிட்டார். அவருடைய ஒரு படம்கூட எங்களிடம் இல்லை. தங்கை 2004இல் கனடா போகும்போது சில படங்களைக் கொண்டுபோயிருந்தாள். எங்களிடமும் இருக்கும் என்றுதான் அவள் இத்தனை காலம் நினைத்திருந்தாள். அவள் வருந்துவாள் என்று அம்மா சொல்லவே இல்லை.

ஒரு நாள் மாலை மகள் அம்மாவின் பக்கத்தில் வந்து அமர்ந்தாள். பள்ளிக்கூட வேலை ஒன்றுக்காகத் தாயின் படங்களையெல்லாம் கைபேசியில் ஏற்றி வைத்திருந்தாளாம். "அம்மம்மா, இது யார்?" என்று நீட்டினாள். அம்மாவின் கல்யாணப் படம். அம்மா அப்பாவின் முகத்தை விரலால் தொட்டார். தொட்டதும் படம் நழுவி வேறு படம் வந்துவிட்டது. அம்மா பதறிப்போய் விரலை எடுத்துக்கொண்டார். மகள் ஒன்றும் சொல்லாமல் அதைத் திரும்ப வரவழைத்து, அம்மாவின் மடியில் வைத்து, நழுவாமல் தானே பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒவ்வொரு மாலையும் அதுதான். தமிழ் தட்டுத் தடுமாறிப் பேசும் பிள்ளை, பெயர்களையும் முறைகளையும் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தாள். கிளிநொச்சியில் ஒரு ஸ்ரூடியோவில் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டுத் தந்துவிட்டுத்தான் போனாள்.

"உன் வீட்டில் நன்றாக நடந்தது என்பதற்காக எல்லார் வீட்டிலும் நடக்குமா?" என்று கேட்பீர்கள். நடக்காமலும் போகலாம். வெயில் கடுமையானது, காற்று புழுதியை அள்ளி வரும். குளத்தில் முதலை உண்டு. பெரியவர்கள் காட்டும் இடத்தில் மட்டும் குளிக்க விடுங்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்தில் அதைத் தாண்டிக் கால் வைக்கவே கூடாது. நுளம்பு கடித்தால் பூசக் களிம்பு கொண்டு வாருங்கள். இனிப்புப் பெட்டிகள் வேண்டாம். வரும் வழியில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கி வாருங்கள், அது போதும்.

யூலைத் தொடக்கத்தில் வந்தால் பாலைப்பழத்தின் கடைசி கிடைக்கலாம்; உதடு ஒட்டும் என்று பிள்ளைகளுக்கு முதலே சொல்லிவிடுங்கள். ஓகஸ்ட் என்றால் பனங்காய்ப் பணியாரம். எதுவானாலும், விமான டிக்கெட் எடுப்பதற்கு முன் உங்கள் அக்காவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், இந்த முறை நெல்லு வெட்டு எப்போது என்று.