ஸ்பிரே டப்பாவில் அடுப்பு கேஸா?

கேள்வி: கோபிச்செட்டிபாளையம் பக்கம் இருக்கிறோமுங்க. பையனுக்கு 8 மாசம், தவழ ஆரம்பிச்சுட்டான். வீட்டுக்காரர் காலையில பாடி ஸ்பிரே அடிக்கிறார். தடப்பள்ளி வாய்க்கால் பக்கத்துலயே வீடு, கொசு தாங்கறதில்லை. அந்தியானா அத்தை கொசு ஸ்பிரே அடிச்சுடறாங்க. டப்பாவில் புரொப்பேன், பியூட்டேன்னு போட்டிருக்கு. அடுப்பு கேஸ்தானுங்களே அது? பையனுக்கு இளைப்புன்னு டாக்டர் இன்ஹேலர் எழுதியிருந்தார். அதுவும் கேஸ்னு பயந்து நிறுத்திட்டேனுங்க.

பதில்: முதலில் அந்த இன்ஹேலரைத் தேடி எடுங்கள் அம்மிணி. எழுதிக் கொடுத்த டாக்டரை இன்றைக்கே கூப்பிட்டு, நிறுத்திய விஷயத்தைச் சொல்லி, அவர் சொல்லும் அளவில் மறுபடி கொடுங்கள். அதில் மருந்தைத் தள்ளுவது வேறு வாயு, பெரும்பாலும் ஹெச்எஃப்ஏ 134ஏ. தீப்பிடிக்காது, உடம்பில் தங்காமல் மூச்சோடு வெளியேறிவிடும். இளைக்கிற குழந்தைக்கு மருந்து போகாததுதான் ஆபத்து. குப்பியைக் குலுக்கி, ஸ்பேசரில் (இன்ஹேலருக்கும் மாஸ்க்குக்கும் நடுவே மாட்டும் குழாய்) மாட்டி, மாஸ்க் மூக்கையும் வாயையும் நன்றாக மூடும்படி வைத்து ஒரு அழுத்து. ஐந்தாறு மூச்சு இழுக்கும்வரை மாஸ்க்கை எடுக்காதீர்கள். வீறிட்டு அழும்போது கொடுத்தால் மருந்து சரியாக இறங்காது. மடியில் போட்டுச் சமாதானப்படுத்திவிட்டுக் கொடுங்கள்.

பாடி ஸ்பிரே, கொசு ஸ்பிரே விஷயத்தில் உங்கள் கணிப்பு சரிதான். சிலிண்டரில் இருப்பதும் அதே வகை கேஸ். கசிந்தால் தெரியட்டும் என்று சிலிண்டரில் கலக்கும் நாற்றம் இதில் இல்லை, அவ்வளவுதான். ஜன்னல் திறந்த அறையில் ஒருதரம் அடித்தால் அந்தக் கேஸ் சீக்கிரம் கலைந்துவிடும். அதனால் குழந்தைக்கு விஷமேறாது. பூட்டிய அறையில் அடிப்பது வேறு கதை. பியூட்டேன் காற்றைவிட இரண்டு மடங்கு கனம், கீழே தேங்கும். தவழும் பிள்ளை இருப்பதும் அங்கேதான். போதாததற்குக் கைக்குழந்தை நிமிடத்துக்கு 30 முதல் 50 தரம் மூச்சு விடும், நம்மைப் போல இரண்டு மூன்று மடங்கு.

எனக்கு உண்மையில் கவலை நெருப்புதான். நம் ஊரில் குழந்தையைக் குளிப்பாட்டியதும் கரண்டியில் கங்கெடுத்துச் சாம்பிராணி போடுவோம். அதே அறையில் ஒருவர் ஸ்பிரே அடித்தால், பக்கத்தில் தொங்குவது சேலைத் தொட்டில்! இளைப்பு இருக்கும் பிள்ளைக்குச் சாம்பிராணிப் புகையே வேண்டாம் என்பேன். பாட்டிமார்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. தலையைத் துண்டால் துவட்டினால் போதும்.

பாடி ஸ்பிரேயில் இளைப்பைக் கிளப்புவது பெரும்பாலும் வாசனைப் பொருள். வீட்டுக்காரரை வாசலில் நின்று அடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கொசு ஸ்பிரேயில் பூச்சிமருந்தும் இருக்கிறது. கேஸ் பறந்துவிடும், மருந்து தரையிலும் பாயிலும் தொட்டில் துணியிலும் படிந்துவிடும். தவழும் பிள்ளை அதைத் தடவி அப்படியே கையை வாயில் வைப்பான். அடித்தே ஆகவேண்டுமென்றால் அவனையும் துணிமணியையும் வெளியே எடுத்துவிட்டு அடித்து, டப்பாவில் போட்டிருக்கும் நேரம்வரை கதவைச் சாத்தி வைத்து, பிறகு ஜன்னலெல்லாம் திறந்து நன்றாகக் காற்றாட விட்டு, தரையை ஈரத்துணியால் துடையுங்கள். கொசுவத்தி இதற்கு மாற்று அல்ல, அதுவும் புகைதான். அந்திக்கு முன்பே ஜன்னலைச் சாத்தி, தொட்டிலுக்குக் கொசுவலை போடச் சொல்லி அத்தையிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

முகத்தில் நேராக அடித்துவிட்டால் உடனே காற்றோட்டமான இடத்துக்குத் தூக்கிப் போய், கண்ணையும் தோலையும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஆஸ்பத்திரியில் காட்டிவிடுங்கள். வாய்க்குள் போயிருந்தால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். விலா உள்வாங்க மூச்சிழுத்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, எழுப்பினாலும் துவண்டு கிடந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். போகும்போது அந்த டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.