போர் விமானம் வாங்கிய கணக்கை யாரிடம் கேட்பது?

கேள்வி: ரஃபேல் விமானம் ஒன்றின் விலை 670 கோடி ரூபாய் என்கிறார் ஒருவர், 1,600 கோடிக்கு மேல் என்கிறார் இன்னொருவர். கடற்படைக்கும் 26 விமானங்களுக்கு ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. எந்தக் கணக்கு சரி? வரி கட்டுகிறவன் இதை யாரிடம் கேட்க முடியும்?

பதில்: இரண்டுமே சரியான எண்கள்தான். 2016 நவம்பரில் மக்களவையில் பாதுகாப்புத் துறை இணையமைச்சர் எழுத்துமூலம் சொன்னது, விமானம் ஒன்று சுமார் 670 கோடி. ஆயுதங்கள், இந்தியாவுக்கென்று செய்யும் மாற்றங்கள், பராமரிப்பு எதுவும் அதில் சேராது என்று அரசு பிறகு விளக்கியது. அதாவது வெறும் விமானத்தின் விலை. அப்படிப் பார்த்தால் விமானப்படைக்கு வாங்கிய 36 விமானங்களுக்கு 24,120 கோடி. ஆனால் 2016 செப்டம்பரில் கையெழுத்தான ஒப்பந்தம் ஏறக்குறைய 59,000 கோடி. 36-ஆல் வகுத்தால் 1,640 கோடியைத் தொடுகிறது.

நடுவில் நிற்கும் சுமார் 35,000 கோடியைப் பற்றித்தான் நீங்கள் கேட்க வேண்டும். ஏவுகணைக்கு எவ்வளவு, உதிரி பாகங்களுக்கு எவ்வளவு, பயிற்சிக்கு எவ்வளவு என்ற பிரிப்பை அரசு வெளியிடவில்லை. ஏவுகணையின் திறனை மறைப்பதில் நியாயம் இருக்கிறது. உதிரி பாகங்களின் மொத்தத் தொகையை மறைப்பதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

விமானத்தை வாங்குவதோடு செலவு முடிவதில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கனடா அரசு 2010-ல் 65 எஃப்-35 விமானங்களை 900 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. பராமரிப்பையும் சேர்த்து மக்களுக்குச் சொன்ன கணக்கு ஏறக்குறைய 1,500 கோடி. அதே காலத்தில் பாதுகாப்புத் துறைக்குள் இருந்த மதிப்பீடு 2,500 கோடி என்பதை 2012-ல் அந்நாட்டுத் தலைமைத் தணிக்கையாளர் வெளியே கொண்டுவந்தார். அரசு அந்தக் கொள்முதலை நிறுத்திவைத்து மறுபரிசீலனைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. ஒரு தணிக்கை அறிக்கை உரிய நேரத்தில் வந்தால் இவ்வளவு செய்யும்.

நம்மிடம் நேரம்தான் தவறியது. ரஃபேல் பற்றி நம் நாட்டின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (சிஏஜி) தந்த அறிக்கை 2019 பிப்ரவரி 13 அன்று தாக்கலானது. 16-ஆவது மக்களவையின் கடைசிக் கூட்டத்தொடருக்கு அது கடைசி நாள். விலை விவரங்கள் மறைக்கப்பட்டிருந்தன; 126 விமானங்கள் வாங்கும் முந்தைய திட்டத்துக்கு வந்த 2007-ஆம் ஆண்டு விலைப்புள்ளியோடு ஒப்பிட்டால் 2.86 சதவீதம் குறைவு என்ற முடிவு மட்டும் இருந்தது. நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு அதை எடுத்துத் துருவ அந்த அவைக்கு நாளே இல்லை.

பொறுப்பு யாருடையது என்று கேட்டால், கையெழுத்துகளின் வரிசையைப் பாருங்கள். பெரிய கொள்முதலின் தேவையை ஏற்பது பாதுகாப்பு அமைச்சர் தலைமையிலான கொள்முதல் கவுன்சில். இறுதி ஒப்புதல் பிரதமர் தலைமையிலான பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு. ரஃபேலில் 36 என்ற எண்ணிக்கை 2015 ஏப்ரல் 10 அன்று பாரிஸில் அறிவிக்கப்பட்டது. கவுன்சிலின் ஒப்புதல் மே மாதம்தான் வந்தது. நடைமுறையைச் சந்தேகிக்க இடமில்லை, விலையை ஒப்பிடுவது தன் வேலை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் சொல்லிவிட்டது. சீராய்வு மனுக்களும் 2019 நவம்பரில் தள்ளுபடியாயின. ஆனால் சட்டப்படி சரியா என்பது ஒன்று, 126 ஏன் 36 ஆனது என்பது வேறு. இரண்டாவது கேள்விக்கு அமைச்சர்கள் நாடாளுமன்றத்தில்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? முதலில் உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள். "விலை என்ன?" என்று எழுதினால் ரகசியம் என்ற பதிலோடு முடிந்துவிடும். இப்படிக் கேட்கச் சொல்லுங்கள்: "2025 ஏப்ரலில் கையெழுத்தான 26 ரஃபேல் கடற்படை விமான ஒப்பந்தத்தின் சுமார் 63,000 கோடியில் ஆயுதங்கள், பயிற்சி, பராமரிப்பு ஆகியவை அடக்கமா? பராமரிப்பு எத்தனை ஆண்டுகளுக்கு? அதன்பின் ஆண்டுச் செலவு எவ்வளவு என்று மதிப்பிடப்பட்டது?" மக்களவையில் கேள்விக்குக் குறைந்தது 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும், அதனால் கூட்டத்தொடர் தேதி அறிவித்ததுமே அனுப்புங்கள். "தகவல் திரட்டப்படுகிறது" என்று அமைச்சர் பதில் சொன்னால் சோர்ந்துவிட வேண்டாம். அது அவைக்குத் தந்த உறுதிமொழியாகிவிடும்; மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், அதைக் கண்காணிக்கத் தனிக் குழு இருக்கிறது.

அப்புறம், தகவல் அறியும் உரிமைச் சட்டம். நாட்டின் பாதுகாப்பைப் பாதிக்கும் தகவலுக்கு விலக்கு தரும் பிரிவு 8(1)(அ)-வைக் காட்டி மறுப்பார்கள் என்று எதிர்பார்த்தே மனு எழுதுங்கள். கூட்டம் நடந்த தேதி, ஒப்புதல் தேதி, இதுவரை செலுத்திய மொத்தத் தொகை என்று கேளுங்கள். மறைக்க வேண்டியதை நீக்கிவிட்டு மீதியைத் தரும்படி பிரிவு 10-ஐ மனுவிலேயே குறிப்பிடுங்கள். மறுப்பு வந்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதில் பொதுநலனை முன்வைக்கும் பிரிவு 8(2)-ஐச் சேர்க்க மறக்காதீர்கள்.